கேட்டரிங் படிப்பு: கைவேலை, கணக்கு, கடைசி ரயில்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் கேட்கிற பேச்சு இது: "பேசாம கேட்டரிங் சேர்த்து விட்டுடலாம், வேலை உடனே கிடைச்சிடும்." கிடைக்கும், அதில் பொய்யில்லை. ஆனால் உள்ளே போன நான்கைந்து வருடத்தில் ஒருவர் சமையலறையில் ஒரு செக்‌ஷனையே பார்த்துக்கொள்ளும் சி.டி.பி. (செஃப் டி பார்ட்டி) ஆகியிருப்பார், கூடப் படித்த இன்னொருவர் கமி என்கிற கடைநிலை உதவியாளர் வேலையிலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் கை வேகம் ஒன்றாகத்தான் இருக்கும். முதலாமவருக்கு ஒரு தட்டு மீன் எவ்வளவில் அடங்குகிறது, நாளைக்கு எத்தனை கிலோ இன்டென்ட் (ஸ்டோரில் சரக்குக் கேட்கும் சீட்டு) போட வேண்டும், எது எத்தனை மணிக்கு அடுப்பில் ஏற வேண்டும் என்று பேப்பரில் எழுதிக் காட்டத் தெரியும். வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கைவேலை பெரும்பாலும் வீட்டிலேயே பழகியிருக்கும். மதிப்பெண் போவதும் பதவி உயர்வு தள்ளிப்போவதும் கணக்கில்தான்.

முதலில் எதில் சேருவது. தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஐ.எச்.எம். என்கிற ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரி, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் வருவது. 1982-ல் அமைக்கப்பட்ட தேசிய ஹோட்டல் மேலாண்மைக் கவுன்சிலின் பாடத்திட்டம்தான் அங்கே. மூன்று வருட பி.எஸ்சி.க்கு என்.சி.எச்.எம். ஜே.இ.இ. என்ற நுழைவுத்தேர்வு உண்டு. தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் கிடையாது. கணக்கு, ரீசனிங், பொது அறிவு, ஆங்கிலம், சேவைத் துறைக்கான மனப்பான்மை என்று பகுதிகள். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலப் பகுதியைப் பார்த்தே பயந்து விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள், அது தேவையில்லாத பயம். அதே வளாகத்தில் ஃபுட் புரொடக்‌ஷன், பேக்கரி போன்ற ஒன்றரை வருட டிப்ளமோக்களுக்கு அந்தத் தேர்வு தேவையில்லை. ஒரு வருடம் வகுப்பு, மீதி ஆறு மாதம் ஹோட்டலில் பயிற்சி. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஃபுட் புரொடக்‌ஷன் அண்ட் பட்டிசெரி கிராஃப்ட் கோர்ஸ் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால், இந்தப் படிப்புகளின் கட்டணத்தை அரசு நிறுவனமான தாட்கோவே ஏற்கும் திட்டம் இருக்கிறது. அதற்கு விளம்பரம் வரும் வரை காத்திருக்காமல் சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் ஏப்ரலிலேயே எடுத்து வைப்பது நல்லது. ஜூன் மாதம் இ-சேவை மையத்தில் நிற்கிற கூட்டம் தெரிந்ததுதான்.

ஐ.டி.ஐ.யில் ஃபுட் புரொடக்‌ஷன் ஜெனரல், ஃபுட் அண்ட் பெவரேஜ் சர்வீஸ் அசிஸ்டென்ட், ஹவுஸ்கீப்பர், ஃப்ரண்ட் ஆபீஸ் அசிஸ்டென்ட் என்று ஒரு வருடப் பிரிவுகள் உண்டு. எல்லா ஐ.டி.ஐ.யிலும் இருக்காது, விண்ணப்பிக்கும் முன் அந்த வருடப் பட்டியலைப் பார்க்க வேண்டும். வீட்டில் சீக்கிரம் வருமானம் வேண்டும் என்கிற நிலை இருந்தால் ஒன்றரை வருட டிப்ளமோதான் என் சிபாரிசு. மூன்று வருடம் தாங்கும் என்றால் டிகிரி. வெளிநாட்டு வேலைக்கும் மேற்படிப்புக்கும் அது கைகொடுக்கும்.

தனியார் நிறுவனங்களில் சேருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி மூன்றுதான். சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்? பல்கலைக்கழகமா, தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சிலான என்.சி.வி.டி.யா, இல்லை நிறுவனமே அச்சடித்துக் கொடுப்பதா? அடுத்து, ஒரு பிராக்டிக்கலில் எத்தனை பேருக்கு ஓர் அடுப்பு? எட்டுப் பேருக்கு ஓர் அடுப்பு என்றால் ஒருவர் கிளறுவார், ஏழு பேர் வேடிக்கை பார்ப்பார்கள்; வருடம் முழுக்க இப்படியே ஓடிவிடும். அட்மிஷன் கவுன்ட்டரில் கேட்டால் சரியான பதில் வராது. வேலை நாளில் காலை 11 மணிக்குப் போய் "கிச்சனைப் பார்க்கலாமா" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் அடுப்பு எரியாத கிச்சனாக இருந்தால் புரிந்துகொள்ளலாம். மூன்றாவது, பிராக்டிக்கல் பொருட்கள் செலவு கட்டணத்தில் அடக்கமா, தனியா? இதில்தான் பல குடும்பங்கள் நடுவில் திணறுகின்றன. ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கொடுத்து வைக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவதுதான் முறை.

சீருடைக்கு எம்.சி. ரோட்டில் துணி எடுத்து வண்ணாரப்பேட்டையிலேயே தைத்துக்கொள்ளலாம், ரெடிமேடை விட மலிவாக முடியும். செஃப் கோட் மட்டும் சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்த துணி அடுப்பருகே உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு வரிசைப் பொத்தானும் அழகுக்கு இல்லை: எண்ணெய் தெறித்தால் நெஞ்சில் இரண்டு அடுக்குத் துணி இருக்கும், ஒரு பக்கம் கறையானால் மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஷூ வழுக்காத அடியோடு, அரை சைஸ் பெரிதாக. பத்து மணி நேரம் நின்றால் கால் வீங்கும். கத்தி 8 அங்குலம் ஒன்று, சின்ன பேரிங் கத்தி ஒன்று, பீலர் ஒன்று போதும். முதல் வருடமே பன்னிரண்டு கத்தி செட் வாங்குவது காசுக்குக் கேடு.

இனி சமையல் பிராக்டிக்கல். தேர்வில் தோற்கிறவர்கள் ருசியில் தோற்பது அபூர்வம், நேரத்தில்தான் தோற்கிறார்கள். மெனு இப்படி வருகிறது என்று வையுங்கள்: தக்காளி கிரீம் சூப், சிக்கன் சோட்டே, உருளைக்கிழங்கு, கேரமல் கஸ்டர்ட். தொடக்கம் 9 மணி, தட்டு வைக்க வேண்டியது 12:15. மெனுவில் முதலில் சூப் இருப்பதால் முதலில் சூப்பைத் தொடுவார்கள், கடைசியில் கஸ்டர்டுக்கு வருவார்கள். 11 மணிக்கு ஓவனில் வைத்த கஸ்டர்ட் சூடாகவே அச்சிலிருந்து கவிழ்க்கப்பட்டு, தட்டில் பிளந்து கிடக்கும். திட்டத்தைப் பின்னாலிருந்து எழுத வேண்டும். 12:05-க்கு கஸ்டர்டைக் கவிழ்க்க வேண்டும், அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், அதற்கு முன் 20 நிமிடம் வெளியே ஆற வேண்டும், அதற்கு முன் 40 முதல் 45 நிமிடம் ஓவன். அப்படியென்றால் 9:30-க்கு அது ஓவனுக்குள் போயிருக்க வேண்டும். அடுப்பில் ஏறுகிற முதல் பொருள் கேரமல் சர்க்கரைதான்.

கஸ்டர்டுக்கு அளவு: அரை லிட்டர் பால், 4 முட்டை, 80 கிராம் சர்க்கரை, 100 மில்லி அச்சு ஏழு வரும். பால் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதித்த பாலை முட்டையில் ஊற்றினால் அங்கேயே திரிந்துவிடும். கலவையை வடிகட்டி, மேலே நுரையை எடுத்துவிட்டு, அச்சுகளைத் தண்ணீர் ட்ரேயில் வைத்து 150 முதல் 160 டிகிரியில் வேகவிட வேண்டும். தண்ணீர் அச்சின் பாதி உயரத்துக்கு, சூடாக இருக்கலாம், கொதிக்கக் கூடாது. வெட்டிப் பார்க்கும்போது கஸ்டர்டுக்குள் சின்னச் சின்ன ஓட்டை தெரிந்தால் தண்ணீர் கொதித்திருக்கிறது என்று தேர்வாளருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

வெள்ளை சாஸில் கட்டி விழுவது எல்லா பேட்சிலும் நடக்கும். 1 லிட்டர் பாலுக்கு வெண்ணெய் 70 கிராம், மைதா 70 கிராம் என்று எடுத்தால் நடுத்தரக் கெட்டி வரும். வறுத்த மாவும் சூடு, பாலும் சூடு என்றால் மாவு உருண்டையின் வெளிப்பக்கம் உடனே வெந்து கூடு கட்டிவிடும், உள்ளே பச்சை மாவு மாட்டிக்கொள்ளும். அதனால் ஒன்று சூடாக இருந்தால் மற்றது ஆறியிருக்க வேண்டும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விஸ்க்கால் அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு 15 நிமிடமாவது சிறு தீயில் விடாவிட்டால் மாவு வாசனை போகாது. தக்காளி கிரீம் சூப் திரிந்து போவதற்கும் வழி இங்கேதான் இருக்கிறது: புளிப்பை வெறும் பாலில் சேர்த்தால் திரியும், மாவு சேர்ந்து கெட்டிப்பட்ட சாஸில் தக்காளி விழுதைச் சேர்த்தால் தாங்கும். சேர்த்தபின் கொதிக்க விடக்கூடாது.

வெட்டு அளவுகளை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. ஜூலியன் என்றால் 3 மி.மீ. கனம், 4 செ.மீ. நீளம். மாசிடுவான் அரை செ.மீ. கட்டம். வீட்டில் பொரியலுக்கு வருகிற கேரட்டையும் பீன்ஸையும் தினமும் கால் கிலோ இந்த அளவில் வெட்டிப் பழகலாம், அம்மாவுக்கும் வேலை மிச்சம். உருண்டைக் கேரட்டை அப்படியே வெட்டினால் அளவு வராது. நான்கு பக்கமும் சீவி முதலில் செவ்வகமாக்க வேண்டும், சீவினது சாம்பாருக்குப் போகட்டும். வெட்டும் பலகைக்கு அடியில் ஈரத்துணி போடுங்கள். பலகை நகர்ந்துதான் விரல் போகிறது. மொண்ணைக் கத்தி கூர்க்கத்தியை விட ஆபத்து; அழுத்தம் கூடும், வழுக்கும்.

இப்போது கணக்கு. இதைப் படிக்கக் காசிமேடு போல ஒரு வகுப்பறை தென்சென்னையில் கிடையாது. ஃபுட் காஸ்டிங் பாடத்தில் 'ஈல்டு' என்ற பகுதி வரும், அதாவது வாங்கிய எடையில் சமையலுக்குத் தேறுகிற பங்கு. பெரும்பாலானோர் சூத்திரத்தை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு முழு வஞ்சிரம் வாங்கி எடை போடுங்கள். வெட்டிக் கொடுக்கும் அக்காவிடம் தலை, வால், செதில், குடல் எல்லாவற்றையும் தனிப்பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்பார், படிப்புக்கு என்று சொன்னால் சிரித்துக்கொண்டே போட்டுத் தருவார். வீட்டுக்கு வந்து இரண்டு பையையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. 5 கிலோ வஞ்சிரம், கிலோ 900 ரூபாய் வீதம் 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்தபின் துண்டு 3.4 கிலோ கிடைத்தால் ஈல்டு 68 சதவீதம். உண்மையான விலை 4,500-ஐ 3.4-ஆல் வகுத்தால் வருவது, அதாவது கிலோ சுமார் 1,324 ரூபாய். ஒரு தட்டுக்கு 150 கிராம் துண்டு என்றால் மீன் செலவு 199 ரூபாய். மசாலா, எண்ணெய், எலுமிச்சைக்கு 25 சேர்த்தால் 224. உணவுச் செலவு 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றால் 224-ஐ 0.30-ஆல் வகுக்க வேண்டும். மெனு விலை சுமார் 750 ரூபாய். சந்தை விலை 900-ஐ வைத்தே கணக்குப் போட்டவர் மீன் செலவு 135 என்று எழுதுவார், மொத்தம் 160, மெனு விலை 535 என்று வரும். அந்த விலையில் விற்றால் உண்மையான உணவுச் செலவு 42 சதவீதம். தட்டுக்கு 64 ரூபாய் செலவு கணக்கிலேயே வரவில்லை. அந்த மீனில் 22 தட்டு வரும் என்றால் ஒரே நாளில் 1,400 ரூபாய்க்கு மேல் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. தலையைக் குழம்புக்கோ ஸ்டாஃப் சாப்பாட்டுக்கோ கொடுத்தால் அதன் மதிப்பைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதையும் எழுத வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தச் சமயத்தில் பெரிய மீன் விலை ஏறும், ஈல்டு மாறாது, அதனால் தட்டு விலை ஏறியாக வேண்டும். நல்ல மெனுவில் மீனுக்கு எதிரே விலை போடாமல் அன்றைய விலை என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், "மெனு விலையை எப்போது திருத்துவீர்கள்" என்ற கேள்விக்கு இந்தத் தடைக்காலத்தை எடுத்துச் சொன்னால் புத்தகப் பதிலை விட நன்றாக எடுபடும்.

பெரிய அளவுக்கு மாற்றுவதிலும் ஒரு பொறி உண்டு. 10 பேர் ரெசிபியை 75 பேருக்கு மாற்ற 7.5-ஆல் பெருக்க வேண்டும். அரிசி, கறி, வெங்காயத்துக்கு அது சரி. தண்ணீருக்குச் சரிவராது. பெரிய அண்டாவில் அளவோடு ஒப்பிட்டால் ஆவியாகும் மேற்பரப்பு குறைவு, அப்படியே பெருக்கினால் சோறு குழைந்துவிடும். உப்பு, மிளகாய், கரம் மசாலாவையும் கொஞ்சம் குறைத்துப் போட்டு, ருசி பார்த்துக் கூட்டுவதுதான் பாதுகாப்பு. தெருமுனையில் பிரியாணி அண்டா போடுகிற மாஸ்டர்கள் இதை அனுபவத்தில் செய்கிறார்கள். படித்தவர் செய்ய வேண்டியது, சரியாக வந்த அளவை அன்றைக்கே எழுதி வைப்பது. மாஸ்டர் லீவு போட்டால் அந்தக் கடையில் அன்றைக்குப் பிரியாணியின் ருசியே வேறு. எழுதி வைத்த ரெசிபி இருந்தால் அது நடக்காது.

மீந்த பிரியாணியை அண்டாவோடு மூடி வைப்பதுதான் உணவுப் பாதுகாப்பில் நாம் தினமும் பார்க்கிற பெரிய தப்பு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் ஊர் வெயிலில் மூடிய அண்டாவின் நடுப்பகுதி பல மணி நேரம் அந்தச் சூட்டிலேயே நிற்கும். அரிசியில் இருக்கும் பேசிலஸ் செரியஸ் வேகவைத்தாலும் வித்தாக உயிர் பிழைக்கும், அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டையான ட்ரேக்களில் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் 60-லிருந்து 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்க வேண்டும். கோழிக்கறி நடுப்பகுதி 75 டிகிரி தொட வேண்டும், ஃப்ரீசர் மைனஸ் 18. தெர்மாமீட்டர் சரியா என்று பார்க்க ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும்.

சர்வீஸ் பாடத்தில் விதிகள் குறைவு, பழக்கம் அதிகம். தட்டில் வைத்தே வரும் உணவை வலப்பக்கத்திலிருந்து வைக்கிறோம், பெரிய பாத்திரத்திலிருந்து ஸ்பூன்-ஃபோர்க்கால் எடுத்து வைக்கும் சில்வர் சர்வீஸ் இடப்பக்கத்திலிருந்து, பானங்களும் தட்டு எடுப்பதும் வலப்பக்கம். ஸ்பூன்-ஃபோர்க் பிடிப்புக்கு வீட்டில் வேகவைத்த பட்டாணியைக் கிண்ணத்திலிருந்து தட்டுக்கு மாற்றிப் பழகலாம். கே.ஓ.டி. என்கிற ஆர்டர் சீட்டு மூன்று நகல்: ஒன்று கிச்சனுக்கு, ஒன்று கேஷியருக்கு, ஒன்று சர்வரிடம். மேஜை எண், ஆள் எண்ணிக்கை, நேரம் மூன்றையும் எழுதாத கே.ஓ.டி.யால்தான் பாதிச் சண்டை கிச்சனுக்கும் ரெஸ்டாரன்ட்டுக்கும் நடக்கிறது. பேச்சு விஷயத்தில் ஒன்று: நம் பக்கத்துப் பேச்சுக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, கிச்சனில் அது ஓடும். விருந்தினர் முன்னால் மட்டும் பேச்சை மாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும். சர்வீஸுக்குத் தேவையான ஆங்கில வாக்கியங்கள் முப்பது நாற்பதுக்குள் அடங்கிவிடும். சத்தமாகச் சொல்லிப் பழகுவதுதான் கஷ்டம், படிப்பதில் கஷ்டமில்லை.

ஹவுஸ்கீப்பிங்கைக் கேவலமாக நினைத்துத் தூங்குகிற பிள்ளைகள் உண்டு. கணக்கு மிகச் சுத்தமாக வருகிற துறை அதுதான். 8 மணி நேர ஷிஃப்ட் என்பது 480 நிமிடம். பிரீஃபிங், சாப்பாடு, டிராலி அடுக்குவதில் 80 போனால் 400 நிமிடம். காலி செய்த அறைக்கு 35 நிமிடம், விருந்தினர் தங்கியிருக்கும் அறைக்கு 20 நிமிடம் என்றால் 7 காலி அறைக்கு 245 நிமிடம், மீதி 155-ல் 7 அறை, மொத்தம் 14. எத்தனை ஆள் வேண்டும் என்று மேலாளர் கேட்டால் இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும். படுக்கை விரிப்பும் அப்படியே: 80 அறை, அறைக்கு ஒரு கட்டில், கட்டிலுக்கு 2 விரிப்பு, 4 பார் (புழக்கத்தில் இருக்க வேண்டிய செட்) என்றால் 640. அறையில் ஒரு செட், மாடி பேன்ட்ரியில் ஒன்று, லாண்டரியில் ஒன்று, லினன் அறையில் ஒன்று.

சுத்தம் செய்யும் ரசாயனங்களில் டாஸ்கி என்ற பிராண்டின் ஆர் வரிசை பல ஹோட்டல்களில் இருக்கும்: ஆர்1 பாத்ரூமுக்கு, ஆர்2 பொதுத் துடைப்புக்கு, ஆர்3 கண்ணாடிக்கு, ஆர்4 மரச்சாமானுக்கு, ஆர்5 வாசனைக்கு, ஆர்6 டாய்லெட் கோப்பைக்கு. ஆர்6 அமிலம். அதோடு பிளீச்சிங் சேர்த்தால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் மூச்சே நின்றுவிடலாம். 'இரண்டும் சேர்த்தா நல்லா வெளுக்கும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஃப்ரண்ட் ஆபீஸில் மூன்று எண்ணைத் தெரிந்துகொண்டால் வைவாவில் பாதி தாண்டிவிடலாம். 80 அறையில் 60 விற்று, அறை வருமானம் 2,70,000 ரூபாய் என்றால் ஆக்குபன்சி 75 சதவீதம். விற்ற அறைக்குச் சராசரி 4,500, அது ஏ.டி.ஆர்.; மொத்த அறைக்குச் சராசரி 3,375, அது ரெவ்பார். விலையைக் குறைத்து அறை நிரப்பியவர் ஆக்குபன்சியைக் காட்டிப் பெருமைப்படுவார், ரெவ்பார் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். வரி விஷயத்தில் சீனியரின் பழைய நோட்ஸை நம்ப வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. பழைய நோட்ஸில் 12 என்று இருக்கும்.

அடுத்து இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங். மாணவர்கள் ஐ.டி. என்பார்கள், வீட்டில் கேட்பவர்கள் கம்ப்யூட்டர் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். பி.எஸ்சி.யில் இது 17 வாரம், நான்கு துறையிலும் மாறி மாறி. வடசென்னையில் இருந்து போகிறவர்களுக்கு ஹோட்டலின் நட்சத்திரத்தை விட அதன் இருப்பிடம் முக்கியம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு அண்ணா சாலை, தேனாம்பேட்டை, கிண்டி ஓரமுள்ள ஹோட்டல்களுக்கு ஒரே வண்டியில் போய்விடலாம். ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) ஹோட்டல் என்றால் பீச் ஸ்டேஷன் போய்ப் பறக்கும் ரயில் பிடித்து, இறங்கி மறுபடி பஸ். காலை 7 மணி ஷிஃப்ட்டுக்கு அது தினமும் நடக்காது. மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும். ரெஸ்டாரன்ட் ஷிஃப்ட் முடிவதும் ஏறக்குறைய அப்போதுதான். பிரேக் ஷிஃப்ட் இன்னொரு தொல்லை: காலை 11 முதல் 3, மாலை 7 முதல் 11. நடுவில் நான்கு மணி நேரம். எண்ணூர் போய்த் திரும்ப முடியாது, உட்கார இடமும் இருக்காது. பயிற்சியாளருக்கு லாக்கர் அறை, ஓய்வு அறை உண்டா, இரவில் வீட்டுக்கு வண்டி உண்டா, பெண் பிள்ளைகளை எந்த இடம் வரை கொண்டுவிடுவார்கள் என்பதை முதல் நாளே எச்.ஆரிடம் கேட்க வேண்டும். கொருக்குப்பேட்டைக்கோ கொடுங்கையூருக்கோ வண்டி வராது, சென்ட்ரல் வரைதான் என்றால் அதற்குத் தகுந்தபடி வீட்டில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். பன்றிக்கறி, மாட்டுக்கறி, மது இவற்றைத் தொடுவதில் தயக்கம் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது, பேக்கரி போன்ற செக்‌ஷன் கேட்டு வாங்கலாம்.

சேரும் முன் மருத்துவத் தகுதிச் சான்று கேட்பார்கள். டைஃபாய்டு தடுப்பூசியும் அதில் சேரும். கிச்சனில் சுட்டுக்கொண்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். செஃப் திட்டுவார் என்று ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தால் கொப்புளம் பெரிதாகும்.

முகூர்த்த நாட்களில் மண்டபங்களிலும் ஹோட்டல் பேங்க்வெட்டிலும் கேஷுவலாகப் போவது கைச்செலவுக்கு ஆகும், அறுநூறு எழுநூறு பேருக்கு எப்படிப் பரிமாறுகிறார்கள் என்பதும் தெரியவரும். ஆனால் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத விடமாட்டார்கள், தை மாசியில் இந்தக் கணக்கை வாரா வாரம் பார்த்துக்கொள்ள வேண்டும். கேஷுவல் கூலியை மேஸ்திரி மாதக் கடைசியில் தருகிறேன் என்றால் ஒரே ஒரு முறைக்கு மேல் போகாதீர்கள்.

டிரெய்னிங்கில் லாக் புக்கை அன்றன்றே எழுத வேண்டும், கடைசி வாரத்தில் உட்கார்ந்து நிரப்பினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். "இன்று கிச்சனில் வேலை செய்தேன்" என்று எழுதுவதில் பயனில்லை. எத்தனை கிலோ சிக்கன் வந்தது, எத்தனை போர்ஷன் போனது, எவ்வளவு மீந்தது, எந்த அறை ஏன் தாமதமானது என்று எழுதினால் அதிலிருந்தே கேள்வி கேட்பார்கள், பதிலும் உங்களிடம் இருக்கும். ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்கு மாறும் நாளிலேயே பழைய துறைத் தலைவரிடம் மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் இரண்டு மாதத்தில் வேறு ஹோட்டலுக்குப் போய்விடுவார், பிறகு அந்தக் கையெழுத்துக்கு அலைய வேண்டியதுதான். கடைசி நாள் லாக்கர் சாவி, சீருடை, அடையாள அட்டை திருப்பிக் கொடுத்து கிளியரன்ஸ் தாளில் முத்திரை வாங்கி, எல்லாவற்றையும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைக் கல்லூரியில் கொடுத்து ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.